ஒரே குடும்பத்துக் காளான்கள்: உள்ளே இருப்பதும் ஒன்றுதானா?

மழைக்காலத்தில் பதுளைத் தோட்டப் பக்கம் பட்டுப்போன மரங்களைக் கவனியுங்கள். தட்டுத் தட்டாக, மரம்போல் இறுகிய காளான்கள் ஒட்டியிருக்கும். இப்படி வளர்பவற்றில் மருந்துக்குப் பேர்போனது கேனோடெர்மா. சீன அரசின் மருந்து நூல் அதில் சிவப்பு, ஊதா என இரண்டு இனங்களை ஏற்கிறது.

இரண்டும் ஒன்றா? எப்படிக் கண்டுபிடிப்பது?

காளானைப் பொடித்து, மதுசாரத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை நுண்பொடி அடைத்த மெல்லிய குழாய்க்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். சம்பள நாளில் ஒரே பஸ்ஸில் வந்து பதுளைக் கடைத்தெருவில் இறங்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை நிற்பவர் மறுமுனைக்குத் தாமதமாக வருவார், நிற்காதவர் முந்திவிடுவார். அதுபோலவே, பொடியில் அதிகம் ஒட்டும் பொருள் பிந்தி வரும், ஒட்டாதது முந்தி வரும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது கருவி ஒரு கூம்பு வரையும்.

சிவப்பு இனத்தின் படத்தில் கசப்பைத் தரும் கேனோடெரிக் அமிலங்களின் கூம்புகள் நிறைந்திருக்கும். ஊதாவில் அவை மிகச் சொற்பம். ஆனால் நோய் எதிர்ப்புக்காக ஆராயப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இரண்டிலும் உண்டு.

ஆகவே ‘கேனோடெர்மா’ என்று மட்டும் எழுதிய பொட்டலம் எந்த இனம் என்று சொல்வதில்லை. புற்றுநோய்க்குச் சிவப்பு இனத்தை முதல் சிகிச்சையாக்கப் போதிய ஆதாரமில்லை என்று கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2016-இல் கூறியது. மரத்தில் கண்ட காளானை நீங்களாகவே கஷாயம் வைக்காதீர்கள்.