விண்வெளிக் கதிர்வீச்சுத் தீங்கு

விண்வெளிக் கதிர்வீச்சுத் தீங்கு என்பது விண்வெளியில் பயணிக்கும் மனிதரின் உடலை ஆற்றல் மிக்க துகள்கள் ஊடுருவுவதால் ஏற்படும் பாதிப்புகளைக் குறிக்கும். புவியில் வாழும் ஒருவர் இயற்கை மூலங்களிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். வளிமண்டலமும் காந்தப்புலமும் காப்பாக அமைவதே இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணமாகும். விண்வெளியில் இதே அளவு சில நாட்களிலேயே உடலைச் சேர்கிறது.

மூலங்கள்

- அண்டக் கதிர்கள்: சூரியக் குடும்பத்திற்கு அப்பாலிருந்து இடைவிடாது வருபவை. பெரும்பாலும் புரோத்தன்கள், சிறிதளவு இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும் உண்டு.
- சூரியத் துகள் நிகழ்வுகள்: சூரிய வெடிப்புகளின்போது வெளிப்படும் புரோத்தன்கள். இவற்றை முன்கூட்டியே கணிப்பது கடினம்.
- வான் ஆலன் பட்டைகள்: புவியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களாலானவை. 1958 இல் கண்டறியப்பட்டன.

உடலில் விளைவுகள்

இத்துகள்கள் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. முறிவு பிழையாகச் சீராக்கப்பட்டால் பின்னாளில் புற்றுநோய் தோன்றலாம். கண்புரை, இதயக் குழலிய நோய்கள், நரம்பு மண்டலப் பாதிப்பு ஆகியனவும் ஏற்படக்கூடும். குறுகிய நேரத்தில் மிகுதியான கதிர்வீச்சைப் பெற்றால் வாந்தி, இரத்த அணுக் குறைவு போன்ற கடுமையான கதிர்வீச்சு நோய் உண்டாகும்.

1972 சூரியப் புயல்

1972 ஆகத்து மாதத்தில் மிகவும் வலிமையான சூரியத் துகள் நிகழ்வு ஒன்று ஏற்பட்டது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 திசம்பரில்தான் புறப்பட்டது. அந்நேரத்தில் விண்வெளி உடையுடன் மட்டும் எவரேனும் நிலவில் நடந்திருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும்.

செவ்வாய்ப் பயணம்

கியூரியோசிட்டி விண்கலம் 2011-2012 இல் செவ்வாய்க்குச் செல்லும் வழியில் நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சை அளவிட்டது. இக்கணக்கின்படி, போகவர 360 நாட்களாகும் பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 650 மில்லிசீவர்ட் சேரும். விண்வெளி வீரர் ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் நாசா 2022 இல் வகுத்த வரம்பு 600 மில்லிசீவர்ட் ஆகும். செவ்வாயின் தரையில் தங்கும் காலத்தில் பெறுவது இதில் சேரவில்லை.

பாதுகாப்பு

ஐதரசன் மிகுந்த நீர், பாலியெத்திலீன் போன்றவை அதே எடையுள்ள அலுமினியத்தைவிடச் சிறந்த காப்பாகும். சூரியப் புயலின்போது இவை சூழ்ந்த சிறிய அறையில் வீரர்கள் தஞ்சமடையலாம். ஆனால் அண்டக் கதிர்கள் தடித்த சுவரையும் துளைப்பதோடு, அதன் அணுக்களைச் சிதைத்து இரண்டாம்நிலைத் துகள்களையும் உருவாக்குகின்றன. எனவே அண்டக் கதிர்களால் விளையும் தீங்கைக் குறைப்பதற்குப் பயண நாட்களைச் சுருக்குவது முதன்மையான வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.