ஒரு வீட்டில் பல பூனைகள்: பங்கீடும் அமானிதமும்

 

முஸ்லிம் குடும்பங்கள் நீண்ட காலமாகப் பூனையை வீட்டுக்குள் அனுமதித்து வந்துள்ளன. பிள்ளைகள் தெருவோரத்திலிருந்து தூக்கிவந்த குட்டியொன்று, அயலவர் தந்த குட்டியொன்று என ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காவதும் உண்டு. அப்போது சீறலும் சண்டையும் தொடங்குகின்றன. ஒரு பூனை மற்றொன்றை உண்ண விடாது துரத்துகிறது. இன்னொன்று பாயிலும் தலையணையிலும் சிறுநீர் கழிக்கிறது. பொறுமையிழந்த வீட்டார், தொல்லை தருவதாகத் தாம் கருதும் பூனையைச் சாக்கிலிட்டுச் சந்தையிலோ பள்ளிவாசல் வளவிலோ விட்டுவிடுகின்றனர். இதனைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இது சிறிய விடயமன்று. பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானாக இரைதேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி அதன் காரணமாகத் தண்டிக்கப்பட்டாள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. “நாம் அடைத்துவைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விட்டோம்” என்று சிலர் கூறலாம். ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்கு இரைதேடும் பழக்கம் குறைவு. அந்நிய இடத்தில் அங்குள்ள பூனைகள் அதனை அண்டவிடா. உண்ணவும் வழியின்றி, ஒதுங்கவும் இடமின்றி அது தவிக்குமாயின், அப்பெண்ணின் செயலுக்கும் நமது செயலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நாமே சிந்திக்க வேண்டும்.

ஸஹாபாக்களின் வழிமுறையோ வேறுவிதமானது. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்வதற்கு வைக்கப்பட்ட நீரைப் பூனையொன்று குடிக்க வந்தபோது, அது இலகுவாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள். பூனை நஜீஸ் அன்று, அது உங்களிடையே சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்ற நபிமொழியையும் அறிவித்தார்கள். அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் தம்முடன் வைத்திருந்த சிறு பூனையின் காரணமாகவே அப்பெயரைப் பெற்றார்கள் என்பது திர்மிதியில் உள்ளது. அதேவேளை, நபியவர்கள் உறங்கும் பூனைக்காகத் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு நம்பகமான ஹதீஸ் கிரந்தங்களில் ஆதாரமில்லை. பூனையின் உரிமையை உணர்த்த உறுதியான செய்திகளே போதுமானவை.

பூனைகள் ஏன் சண்டையிடுகின்றன? பூனை தனித்து வேட்டையாடும் பிராணி. தன் எல்லையை அது மணத்தால் அறிகிறது. கன்னத்தையும் உடலையும் கதவிலும் நாற்காலியிலும் நம் காலிலும் தேய்ப்பது, தன் மணத்தைப் பதிப்பதற்காகவே. அந்நிய மணம் கொண்ட பூனை திடீரென நுழைந்தால், தன் உணவும் உறைவிடமும் பறிபோகும் என அஞ்சுகிறது. ஆகவே சண்டையின் வேர் பெரும்பாலும் அச்சமேயன்றிக் கெட்ட குணமன்று. அச்சத்தை அடித்து நீக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு உண்டு என்ற நிம்மதியை ஏற்படுத்தியே நீக்க முடியும்.

புதிய பூனையைச் சேர்க்கும்போது

புதிய பூனையைக் கொண்டுவந்த அன்றே பழைய பூனையின் முன் விடலாகாது. உணவு, நீர், மணற்பெட்டி ஆகியவற்றுடன் தனி அறையொன்றில் சில நாட்கள் வைக்க வேண்டும். ஒன்று படுத்த துணியை மற்றொன்று இருக்கும் இடத்தில் இட்டு, மணத்தைப் பழக்க வேண்டும். பின்னர் மூடிய கதவின் இரு புறத்திலும் உணவளித்தால், அந்த மணத்துடன் நல்லதொன்று வருகிறது என்பதை இரண்டும் கற்றுக்கொள்ளும். அதன்பின் வீட்டார் முன்னிலையில் சிறிது நேரம் சந்திக்க விட்டு, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். சிலவற்றுக்கு ஒரு வாரம் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் செல்லும். இங்கே தேவைப்படுவது ஸப்ர்.

பங்கீட்டில் நீதி

ஒரே கோப்பையில் எல்லாப் பூனைகளுக்கும் சோறு வைப்பது சண்டைக்கு அழைப்பு விடுப்பதாகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை, ஒன்றையொன்று பாராத தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீரையும் ஓரிரு இடங்களில் வைப்பது நன்று. மணற்பெட்டிகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது சிறந்தது. மூன்று பூனைகளாயின் நான்கு பெட்டிகள். அவற்றை ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான்; வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இடவசதி குறைந்த வீட்டில், அலுமாரியின் மேற்புறம், சுவர்த் தட்டு, கவிழ்த்த அட்டைப்பெட்டி ஆகியவை ஒதுங்கும் இடங்களாக உதவும்.

அமைதியான பகைமையையும் கவனிக்க வேண்டும். ஒரு பூனை வாசலில் படுத்து மற்றொன்றின் வழியை மறிப்பதும், கண்கொட்டாது முறைப்பதும் அடக்குமுறையே. சத்தமில்லாததால் சண்டையில்லை என எண்ணிவிடுகிறோம். பலவீனமான பூனையோ கட்டிலின் அடியிலேயே பசியோடு கிடக்கிறது.

சண்டை மூளும்போது

கையை நுழைத்துப் பிரிக்க முற்படக் கூடாது. கைதட்டியோ, இடையே அட்டையொன்றையோ தலையணையையோ நுழைத்தோ பிரித்து, இரண்டையும் வெவ்வேறு அறைகளில் அமைதியடைய விட வேண்டும். விளக்குமாற்றால் அடிப்பது அச்சத்தை மேலும் வளர்க்கும். பிராணிகளின் முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தும் உள்ளார்கள். வேடிக்கைக்காகப் பூனைகளை ஒன்றன்மீது ஒன்று ஏவிவிடும் இளைஞர்கள் அப்பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

பூனையாற் கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நோய் பூனை மூலமாகவும் தொற்றக்கூடியது. எனவே வீட்டுப் பூனைகளுக்குத் தடுப்பூசி இடுவது அவசியம். மணற்பெட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அப்பணியைக் கர்ப்பிணித் தாய்மார் தவிர்ப்பது நல்லது.

நோயும் பெருக்கமும்

இணக்கமாக இருந்த பூனை திடீரெனச் சீறினால், அல்லது கண்ட இடத்திற் சிறுநீர் கழித்தால், அதனை முரடென்று முடிவுகட்டாது மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலியும் கோபமாக வெளிப்படும். குறிப்பாகக் கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கியும் நீர் வெளியேறாவிடின், அது உயிராபத்தான நிலை. அன்றே வைத்தியரை நாட வேண்டும். சிகிச்சை பெற்றுத் திரும்பும் பூனை வேறு மணத்துடன் வருவதால் மற்றவை அதனை எதிர்ப்பதுண்டு. சிறிது நேரம் தனியே வைத்தபின் சேர்க்கலாம்.

பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாத வயதிலேயே கருத்தரிக்கக்கூடும். கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் மட்டுமே. நம்மாற் பராமரிக்க முடியாத எண்ணிக்கை உருவாவதும், கடுவன்கள் தமக்குள் கடுமையாகச் சண்டையிடுவதும் இதன் விளைவுகள். கருத்தடைச் சத்திரசிகிச்சை இவற்றைப் பெரிதும் குறைக்கிறது. இதுபற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மை இருந்து, பிராணிக்குத் தீங்கு விளையாதெனில் ஆகும் என்பது சமகால அறிஞர் பலரின் கருத்து. தமது ஊர் உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளலாம். குட்டிகளைப் பெருகவிட்டுப் பின்னர் வீதியில் எறிவது எவருடைய கருத்திலும் நற்செயலன்று.

பெற்றோர்களே! இப்பொறுப்புகளைப் பிள்ளைகளிடையே பகிர்ந்தளியுங்கள். ஒருவர் உணவு வைக்கட்டும், ஒருவர் நீர் மாற்றட்டும், மூத்தவர் மணற்பெட்டியைச் சுத்தம் செய்யட்டும். விருப்பமான பூனைக்கு மட்டும் மீனை ஊட்டி மற்றதை விரட்டும் பிள்ளைக்கு, அது அநீதி என்பதை அன்போடு உணர்த்துங்கள். வாய்பேசா ஜீவனுக்குப் பங்கிடுவதில் நீதி பழகிய பிள்ளை, நாளை தன் உடன்பிறப்புகளுக்கும் அயலவருக்கும் நீதி செய்யப் பழகும். புதிய குட்டியைத் தூக்கிவரும் முன், அதற்குரிய உணவும் இடமும் செலவும் நம்மிடம் உண்டா எனக் குடும்பமாக ஆலோசியுங்கள். இல்லையெனில், பொறுப்பேற்கக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுப்பதே அமானிதம் பேணுவதாகும்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டிய மனிதரை மன்னித்த அல்லாஹ், நம் வீட்டு வாசலில் நிற்கும் ஜீவன்களின் உரிமைகளைப் பேணி வாழும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.