யாருக்காக ஓடுகிறது சிபியு?

கணினி மந்தமாகிவிட்டது என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்று ஒன்று 95 சதவீதத்தை விழுங்குகிறதாம். 'எண்ட் டாஸ்க்' கொடுத்தாலும் சாக மறுக்கிறதாம்.

அது சாகாது. சிபியுவுக்கு வேலையே இல்லாத நேரத்தை யார் கணக்கிலாவது எழுத வேண்டுமே, அதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் பெயர் அது. அதன் பிராசஸ் எண்கூட பூஜ்யம்தான். டவுன் பஸ்ஸில் காலி சீட் நிறைய இருக்கிறதே என்று யாராவது நெரிசல் புகார் கொடுப்பார்களா? அப்படித்தான் இதுவும். இந்த வாசகரின் சிபியு ஐந்து சதவீதம்தான் உழைக்கிறது. மந்தத்துக்குக் காரணம் வேறு. பெரும்பாலும் ரேம் பற்றாக்குறை, அல்லது 100 சதவீதத்தில் திணறும் பழைய ஹார்ட் டிஸ்க்.

இந்தச் சோம்பேறிக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த வேலை வரும்வரை சிபியுவைத் தூங்க வைப்பது அதன் பொறுப்பு. அதனால் சில்லு குளிர்கிறது, மின்சாரம் மிச்சமாகிறது. விண்டோஸ் 95க்கு இந்தப் பழக்கம் கிடையாது. வேலை இல்லாதபோதும் சில்லு வெட்டியாகச் சுற்றிச் சூடேறும். அந்தக் குறையைச் சரிக்கட்டவே 'ரெயின்', 'சிபியு ஐடில்' போன்ற குட்டி மென்பொருள்கள் அப்போது புழங்கின.

ஆப்பிளின் மேக் கணினியில் கதை தலைகீழ். அங்கே 'கெர்னல் டாஸ்க்' என்ற பெயர் சில சமயம் பட்டியலின் உச்சிக்கு ஏறி நிற்கும். சூடேறிய சிபியுவைக் கசக்கிப் பிழியும் மென்பொருள்களுக்கு நேரம் கிடைக்காமல் செய்ய, அது வேண்டுமென்றே இடம் பிடித்துக்கொள்கிறது. அதை வைவதைவிட, காற்று வழியை அடைத்திருக்கும் தூசியைத் தட்டுவது மேல். மெத்தைமேல் லேப்டாப்பை வைத்துப் படம் பார்ப்பவர்களும் கவனிக்க.

நிஜமாகவே ஏதோ ஓடுகிறது என்றாலும் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான்: அப்டேட், வைரஸ் சோதனை, தேடலுக்கு அட்டவணை போடும் இண்டெக்ஸர். புது விண்டோஸ் போட்ட அன்று மூன்றும் சேர்ந்தே வரும். சில மணி நேரம் விட்டுவிட்டால் தாமே அடங்கும்.

தெரியாத ஆள் என்றால்தான் சுவாரஸ்யம். விண்டோஸை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த மார்க் ரஸ்ஸினோவிச், 2005 அக்டோபரில், ரூட்கிட் எனும் ஒளிந்துகொள்ளும் மென்பொருள்களைக் கண்டறியும் தம் கருவியைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஒளிந்திருந்த கோப்புகள் அகப்பட்டன. தடம் பிடித்துப் போனால், அது காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி பாட்டு சிடியில் போய் நின்றது. நகலெடுப்பதைத் தடுக்க அந்த சிடி இறக்கிவைத்த மென்பொருள், 'பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்' என்ற சாதுவான பெயரில் உட்கார்ந்திருந்தது. பாட்டு ஓடாத நேரத்திலும், இரண்டு நொடிக்கு ஒருமுறை, ஓடும் நிரல்கள் அத்தனையையும் வேவு பார்த்தது. அதற்காக அது தின்ற சிபியு ஒன்று, இரண்டு சதவீதம்தான், யார் கவனிப்பார்கள்? பிடுங்கி எறிந்தபோது சிடி டிரைவே கணினியிலிருந்து மாயமானது. அடுத்த மாதமே அதே மறைவிடத்தில் வைரஸ்களும் குடியேற, சோனி சிடிகளைத் திரும்பப் பெற்றது.

95 சதவீதக்காரர் அப்பாவி, இரண்டு சதவீதக்காரர் ஒற்றர். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

பின்னாளில் வந்தவர்களுக்கு இந்த அடக்கமும் இல்லை. 2017இல் கிளம்பிய 'காயின்ஹைவ்' நிரல், இணையதளத்தைத் திறந்தவரின் சிபியுவை வைத்தே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியது. 2019 மார்ச்சில் அது மூடப்பட்டாலும், திருட்டு மென்பொருளோடு ஒட்டிவரும் தோண்டிகள் இன்றும் உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் நல்ல பிள்ளையாக அடங்கிவிடும் ரகங்களும் அவற்றில் உண்டு. காசு மிச்சம் என்று 'கிராக்' போட்டவர், அந்தக் காசை மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். அதற்குத் தலையாட்டும் முன், ரஸ்ஸினோவிச்சின் 'பிராசஸ் எக்ஸ்புளோரர்' மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த பிராசஸ் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அதில் எந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.