லேப்டாப்பில் ஜிபிஎஸ் இல்லை. தெரு மட்டும் எப்படித் தெரிகிறது?

மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு. லேப்டாப்பில் வரைபடத் தளத்தைத் திறந்து, இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்கும் பெட்டியில் சரி என்று தட்டினால், நீலப் புள்ளி அந்த வீட்டின் மேலேயே வந்து உட்காரும். தப்பினால் எதிர்வீட்டு மாடியில் உட்காரும், அவ்வளவுதான். கைப்பேசியில் இது நடந்தால் யாரும் வியப்பதில்லை, அதில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் டவுன்ஹால் ரோடு கடைகளில் நாம் வாங்கும் பெரும்பாலான லேப்டாப்களில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது, சிம் போடும் இடமும் கிடையாது. அப்படியும் அது தெருவைச் சொல்கிறது என்றால், யாரோ அதற்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். எடுத்துக் கொடுப்பது அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை.

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரையும் ஓர் எண்ணையும் காற்றில் அனுப்பிக்கொண்டே இருக்கும். பெயர் நாம் வைத்தது: ‘முருகன் துணை’, ‘தல ரசிகன்’, அல்லது இணைப்பு கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்று. எண் தொழிற்சாலையிலேயே பதிந்தது. உலகில் இன்னொரு ரவுட்டருக்கு அதே எண் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இந்த எண்ணைப் படிக்கப் பாஸ்வேர்டு தேவையில்லை, அந்த வைஃபையில் இணையவும் தேவையில்லை. அலை எட்டும் தூரத்தில் ஒரு கருவி இருந்தால் போதும்.

இனி, அந்தத் தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போகிறது என்று வையுங்கள். ஓட்டுநரின் கைப்பேசியில் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. போகிற வழியில் கேட்கும் ரவுட்டர் எண்களையெல்லாம், எந்த இடத்தில் எவ்வளவு பலமாகக் கேட்டது என்ற குறிப்போடு அந்தக் கைப்பேசி கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ அனுப்பிவிடும். பார்சல் கொண்டுவரும் பையனின் கைப்பேசியும் இதையே செய்கிறது, பூ வாங்கப் போன அக்காவின் கைப்பேசியும் இதையே செய்கிறது. நாள்பட நாள்பட, எந்த எண் எந்த வீட்டில் இருக்கிறது என்ற பெரிய அட்டவணை ஒன்று அந்த நிறுவனங்களிடம் சேர்ந்துவிட்டது. நம் லேப்டாப் செய்வதெல்லாம், தன்னைச் சுற்றிக் கேட்கும் எண்களைத் திரட்டி அனுப்பி, ‘இத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், நான் எங்கே?’ என்று கேட்பது மட்டுமே. விண்டோஸ் கணினி இந்தக் கேள்வியை மைக்ரோசாஃப்டிடம் கேட்கும், மேக் ஆப்பிளிடம் கேட்கும், குரோம் உலாவி கூகுளிடமும் கேட்கலாம். பதில் அட்சரேகை, தீர்க்கரேகையாக வரும்.

இன்னொரு வழியும் உண்டு, அது ஐபி முகவரி. இது வெகு மட்டமான வழிகாட்டி. மதுரையில் உட்கார்ந்து இணையத்தைத் திறந்தால் பல நேரம் சென்னை வானிலையைக் காட்டுவது இதனால்தான். இணைய நிறுவனம் தன் முகவரிகளை எந்த ஊர்ப் பெயரில் பதிந்திருக்கிறதோ பெரும்பாலும் அதுதான் வரும். இந்த மட்டமான வழியும் ஆளைப் படுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குப் பல ஆண்டுகளாகப் போலீஸாரும் பணம் பறிகொடுத்தவர்களும் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐபி முகவரியை இடமாக மாற்றித் தரும் ஒரு நிறுவனம், ‘அமெரிக்காவில் எங்கோ’ என்பதற்கு மேல் தெரியாத கோடிக்கணக்கான முகவரிகளுக்கு நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்த இடம் இந்தப் பண்ணை. 2016-ல் செய்தியாக வெளிவந்த பிறகுதான் நிறுவனம் புள்ளியை நகர்த்தி ஓர் ஏரியில் வைத்தது.

மாசி வீதிகள் போல வீடும் கடையும் நெருக்கியடிக்கும் இடத்தில், ஒரு லேப்டாப்புக்கு இருபது முப்பது ரவுட்டர்கள் கேட்கும். புள்ளி துல்லியமாக விழும். ஆனால் அங்கே ஒரு கட்டடத்தில் பல குடும்பங்கள் இருக்கும், யார் என்று பிரித்துச் சொல்வது கடினம். உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ வயலுக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே கேட்பது ஒரே ரவுட்டர். புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அந்த வட்டாரத்தில் வேறு வீடே இல்லை, ஆகவே ஆள் தெரிந்துவிடும். கூகுளின் சேவை குறைந்தது இரண்டு ரவுட்டர் எண்களைக் கொடுத்தால்தான் வைஃபையை வைத்து இடம் சொல்லும் என்று விதி வைத்திருப்பதில் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களுக்கும் இணையம் வருகிறது: 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் கொண்டுபோகும் வேலையைத் தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. நல்ல காரியம்தான். அதோடு கூடவே, இதுவரை எந்த அட்டவணையிலும் இல்லாத வீடுகளும் அட்டவணைக்குள் வரும்.

அட்டவணை நிறுவனங்களிடம் மட்டும் பூட்டிக் கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் ரை, டேவ் லெவின் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2024-ல் காட்டியது இதைத்தான். ஆப்பிளின் சேவையிடம் ஒரு ரவுட்டர் எண்ணைக் கேட்டால், கேட்ட எண்ணோடு நிற்காமல் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ரவுட்டர்களின் இடங்களையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்பவர் யார் என்ற விசாரிப்பும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்துக்குள் நுழையாமல், வெறுமனே வெளியிலிருந்து கேட்டுக் கேட்டே, ஓராண்டில் 200 கோடிக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் இடத்தை அவர்கள் தொகுத்துவிட்டார்கள். உக்ரைனிலும் காஸாவிலும் ரவுட்டர்கள் இடம்பெயர்வதையும் மறைவதையும் அந்தத் தொகுப்பில் பார்க்க முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் போரைவிட வீடு மாற்றுவதுதான் முதலில் மனதில் பட்டது. மதுரை அண்ணா நகரிலிருந்து கோவைக்குக் குடிபோகும் குடும்பம், காசு கொடுத்து வாங்கிய ரவுட்டரை விட்டுவிட்டா போகும்? அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோகும். எண் மாறாது. பழைய எண்ணை எழுதிவைத்திருக்கும் ஒருவர், சில வாரங்களில் புது வீட்டின் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். கடன்காரருக்குப் பயந்து போனவர், கணவனின் அடிக்குப் பயந்து பிள்ளைகளோடு கிளம்பியவர் என்று யாரும் அந்த ‘ஒருவரின்’ தேடலுக்கு ஆளாகலாம். இந்த ஓட்டையை ஆப்பிள் பிறகு அடைக்க முயன்றது என்றாலும், எண் மாறாத ரவுட்டர்கள் இன்னும் கோடிக்கணக்கில் சுவரில் தொங்குகின்றன.

குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் மற்றவரை வேவு பார்க்கலாமா என்ற கேள்வி மதுரையிலேயே நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய கைப்பேசி அழைப்பு விவரங்களைக் கணவர் ஆதாரமாக வைத்தார். 2024 அக்டோபர் 30-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தனியுரிமையை மீறிப் பெற்ற ஆதாரத்தை ஏற்க முடியாது என்றும், கணவன் மனைவிக்கு இடையிலும் தனியுரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தார். ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், துணைவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேப்டாப்பின் இருப்பிடப் பதிவை நாளை ஒருவர் குடும்ப நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தால், இந்த இரண்டில் எதன் நிழல் அதன்மேல் விழும் என்பது வாதத்துக்குரியது.

அரசு, பிரஜை உறவில் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2024 ஜூலை 8-ல், போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்க முடியும் என்றால், அது ஜாமீனே அல்ல என்ற பொருளில்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கே அவ்வளவு மரியாதை என்றால், மாணவருக்கு? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கொடுப்பதாக மீண்டும் அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அதை அவர்கள் கையில் கொடுப்பது அரசு.

கொடுத்தவர் உள்ளே எதை வைத்துக் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எச்சரிக்கை அமெரிக்காவில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் (அந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் மாணவர்களுக்கு 2,300 லேப்டாப்களைக் கொடுத்தது. திருடுபோனால் கண்டுபிடிப்பதற்காக ஒரு மென்பொருளை உள்ளே வைத்திருந்தார்கள். அதை இயக்கினால் ஐபி முகவரியும் திரையின் படமும் வெப்கேமரா படமும் பள்ளிக்கு வந்துவிடும். மாணவர்களிடம் சொல்லவில்லை. ஒரு மாணவன் தன் படுக்கையறையில் இருந்தபோது எடுத்த படத்தைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் எடுத்துக்காட்டிக் கேள்வி கேட்டதாக 2010-ல் வழக்குப் பதிவானது. தோண்டிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தமிழக மடிக்கணினிகளில் இப்படி நடந்தது என்று சொல்ல இதை இங்கே இழுக்கவில்லை. திருட்டைத் தடுக்கத்தான் என்று தொடங்கும் வசதி எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழானவர்களைப் பின்தொடரவோ அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கவோ கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கையாகின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். பழைய திட்டம் மடிக்கணினி கொடுத்த பிளஸ் டூ வயதில் இருப்பவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் குழந்தை. புதிய திட்டத்தில் பெறும் கல்லூரி மாணவர் பெரும்பாலும் பெரியவர், அந்தக் கூடுதல் காவல் அவருக்கு இல்லை. போதாததற்கு, சலுகைகளும் மானியங்களும் வழங்க அரசு தரவைக் கையாளும்போது தனியாகச் சம்மதம் கேட்க வேண்டிய கட்டாயத்தை அதே சட்டம் தளர்த்துகிறது. ஆகவே, சட்டம் கட்டாயப்படுத்தட்டும் என்று காத்திருக்காமல், மடிக்கணினிப் பெட்டிக்குள் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்து வைக்கலாம்: எந்தெந்தச் செயலி இருப்பிடத்தைக் கேட்கும், யாருக்கு அனுப்பும், எங்கே அணைப்பது. பெட்டியின் மேல் தலைவர் படம் அச்சடிக்க ஆகும் மையைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆகும்.

மதுரையின் இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. கம்பெனி லேப்டாப் கம்பெனியுடையது. அதில் என்ன ஓடுகிறது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். ஊழியர் அலுவலக வைஃபையில் இணைந்ததும் ‘அலுவலகத்தில் இருக்கிறார்’ என்று தானே குறித்துக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கொண்டுவருவதாக 2025-ல் அறிவித்தது. ‘அலுவலகத்தில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அலங்காநல்லூர் வாடிவாசலில் நிற்பவர்கள் கவனத்துக்கு.

சரி, மூடியை இறக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இப்போதைய பல லேப்டாப்கள் மூடிய பிறகும் அரைத்தூக்கத்தில் இணையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் வரும், அப்டேட் இறங்கும். புது விண்டோஸ் 11 கணினியை வீட்டுக்கு எடுத்துவந்து முதல்முறை இயக்கினால், இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் அடுத்த திரைக்கே விடுவதில்லை. கணினி என்றால் இணைந்திருப்பது என்று ஆகிவிட்டது.

கைக்கு எட்டும் வழிகள் சில உண்டு. விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் லொகேஷன். அங்கே, அண்மையில் எந்தச் செயலி இருப்பிடத்தைக் கேட்டது என்ற பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், ஆச்சரியங்கள் இருக்கலாம். வேண்டாததை அணைக்கலாம், மொத்தமாகவும் அணைக்கலாம். வெளியிலிருந்து நிறுவும் சில மென்பொருள்கள் இந்தப் பொத்தானை மதிக்காமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொள்கிறது. உலாவியில் ஒவ்வொரு தளத்துக்கும் கொடுத்த அனுமதியைத் தனியாகத் திரும்பப் பெற வேண்டும்.

இவையெல்லாம் நம் கணினி கேட்பதை நிறுத்தும். நம் ரவுட்டர் அடுத்தவர் கணினிக்குச் சொல்வதை நிறுத்தாது. அட்டவணையில் நம் ரவுட்டர் சேராதிருக்க, வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, என்-ஓ-எம்-ஏ-பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். 2011-ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நெருக்குதலால் கூகுள் கொண்டுவந்த வழி இது. 2024-லிருந்து ஆப்பிளும் மதிக்கிறது. மைக்ரோசாஃப்டிடம் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று! வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு முழுக்க நம் தலையில். மதுரையில் பல வீடுகளில் ரவுட்டரின் பாஸ்வேர்டே கேபிள்காரரிடம்தான் இருக்கிறது. ‘அண்ணே, வைஃபை பேரை மாத்திக் கொடுங்க’ என்றால், ‘நெட் நல்லாத்தானே வருது, எதுக்கு?’ என்பார். பெயர் மாறினால் வீட்டிலுள்ள டிவி முதல் கேமரா வரை எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

2025 டிசம்பரில், கைப்பேசிகளில் செயற்கைக்கோள் இருப்பிட வசதியைப் பயனர் அணைக்கவே முடியாதபடி வைக்கலாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் யோசனை மத்திய அரசின் பரிசீலனையில் இருப்பதாகச் செய்தி வெளியானது. ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் எதிர்த்தன. அந்த யோசனை கைப்பேசியைப் பற்றியது என்றாலும், பொத்தான் நம் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி எல்லாக் கருவிக்கும் ஒன்றுதான்.

இருப்பிடத்தை அணைப்பதில் ஒரு நட்டம் உண்டு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் லேப்டாப் பையைத் தவறவிட்டால், தொலைந்த கணினியைத் தேடித்தரும் விண்டோஸ் வசதி வேலை செய்யாது. அதற்கு லொகேஷன் திறந்திருக்க வேண்டும். கைப்பேசி தொலைந்தால் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கலாம். வைஃபை மட்டுமே உள்ள லேப்டாப்புக்கு ஐஎம்இஐ கிடையாது. ஆகவே, லொகேஷனை அணைப்பவர்கள் அதற்கு முன் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே போலீஸில் புகார் எழுதும்போது அது கைகொடுக்கும்.