வேலி தந்த விருந்து

எங்கள் வளவின் வடக்கெல்லையில் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலியைப் பிடுங்கி மதில் கட்டியவன் நானே. ஆண்டுதோறும் வேலியடைக்கும் தொல்லை தீர்ந்ததென்று மகிழ்ந்தேன். அவ்வேலியிற் படர்ந்திருந்த கொவ்வையும், இடையே செறிந்திருந்த கிளாவும் காரையும் உடன் போயின என்பதை விடியற்காலையின் மௌனமே எனக்கு உணர்த்தியது. கொண்டைக்குருவியும் குயிலும் பழத்துக்கு வந்தவை. பழம் போயிற்று, அவையும் போயின.

பிழையைத் திருத்த எண்ணியபோது நண்பரொருவர், “உண்ணியை நடும், விரைவில் வளரும், பறவைகளும் விரும்பும்” என்றார். இரண்டும் உண்மையே, தீங்கும் அங்கேதான் இருக்கின்றது. அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய உண்ணி, 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக இந்நாட்டுக்கு வந்தது. பறவைகள் அதன் விதையை எச்சத்தோடு எங்கும் தூவ, இன்று காட்டோரங்களையும் தரிசுகளையும் மூடி, நாட்டுச் செடிகளை நெருக்கி நிற்கின்றது. பறவை உண்பதெல்லாம் மண்ணுக்கு நன்மையாகிவிடாது.

ஆகவே, ஐப்பசி மழை தொடங்கியதும் மதிலோரம் கிளாக் கன்றுகளையே நட்டேன். கிளா மெல்ல வளரும். ஆயினும் வறட்சியைத் தாங்கும். அதன் வெண்பூ மணக்கும். கறுத்துக் கனிந்த பழத்தைப் பிள்ளைகளும் உண்பர். முள்ளோ குருவிக் கூட்டுக்குக் காவல். கொப்புகளை ஓயாது கத்தரிக்காமலும், பழம் முழுவதையும் நாமே பறிக்காமலும் விட்டாற் போதும்.

நட்ட மூன்றாம் ஆண்டாகிய இவ்வாண்டில் முதற் காய்கள் கண்டன. நேற்றுக் காலை ஒரு கொண்டைக்குருவி மதில்மேல் அமர்ந்து அவற்றை நோக்கிற்று. அவை பழுக்கும்வரை நானும் அதனோடு காத்திருக்கின்றேன்.