கட்டத்துக்குள் வானம்: மேக முன்னறிவிப்பு அட்டவணையை வாசிப்பது எப்படி?



2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை அதிகாலையில் முழு சந்திர கிரகணம் ஏற்பட்டது. நம் நேரப்படி 1.30 முதல் 2.52 வரை நிலா பூமியின் நிழலுக்குள் முழுமையாக இருந்தது. விடிந்தால் பள்ளி. "பிள்ளைகளை எழுப்பி விடலாமா டீச்சர்?" என்று பெற்றோர் புலனக் குழுவில் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை வகுப்பில் ஒரு வானிலை மாதிரியின் அட்டவணையைத் திறந்தேன். 02:00 என்ற பத்தியைப் பார்த்தேன். "மேகம் அதிகம், தூங்கட்டும்" என்று தட்டச்சும் செய்துவிட்டேன். அனுப்புவதற்குள் படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், மேலே யூ.டி.சி.ன்னு போட்டிருக்கே. அப்போ இது நமக்குக் காலை 10 மணி இல்லையா?"

அவள் சொன்னது சரிதான். கருத்துணர்தல் பாடத்தில் "தலைப்பையும் குறிப்பையும் முதலில் வாசி" என்று தினமும் சொல்கிற நானே அதைச் செய்யவில்லை. அட்டவணையில் உள்ள எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. கீழே உள்ள நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் பொருள் வரும்.

1. எந்த நேரம்?
வானிலை மாதிரிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில், அதாவது யூ.டி.சி.யில் இருக்கும். மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். நான் பார்த்திருக்க வேண்டியது 7-ஆம் தேதியின் 18:00 பத்தி. அதுதான் நமக்கு 8-ஆம் தேதி அதிகாலை 2 மணி. மணி மட்டுமல்ல, தேதியும் மாறும்.

2. எந்த இடம்?
கணினி மாதிரி பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஜி.எப்.எஸ். மாதிரித் தரவில் ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். சுங்கை பாக்காப், நிபோங் திபால், பாரிட் புந்தார் மூன்றும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடலாம். ஐரோப்பிய மையத்தின் மாதிரியில் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். நம்ம ஊரில் மாலையில் திடீரென்று கொட்டும் இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். அது எந்தத் தாமானுக்கு மேல் நிற்கும் என்று இவ்வளவு பெரிய கட்டத்தால் சொல்ல முடியாது.

இங்கேதான் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். "மேகம் 40%" என்றால் மேகம் வருவதற்கு 40% வாய்ப்பு என்று பொருளல்ல. அந்தக் கட்டத்தின் வானத்தில் 40 பங்கை மேகம் மூடியிருக்கும் என்று பொருள்.

3. எந்தத் திசை, எந்த உயரம்?
நிலா தலைக்கு மேல் இருந்தால் நம் கட்டமே போதும். தாழ்வாக இருந்தால் போதாது. 2026 மார்ச் 3 கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் சுமார் 7.30-க்கு நிலா கிழக்கே உதிக்கும்போதே முழுக் கிரகணம். அது 8.03-க்கு முடியும்போதும் நிலா 10 பாகைக்குக் கீழேதான். 10 பாகையில் பார்த்தால், 2 கிலோமீட்டர் உயர மேகம் நம்மிடமிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 10 கிலோமீட்டர் உயர மேகம் 57 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே கிழக்கே செலாமா, லெங்கோங் பக்கத்துக் கட்டங்களையும் பார்க்க வேண்டும்.

மேகம் கீழ், நடு, மேல் என மூன்று அடுக்காகத் தரப்பட்டிருக்கும். மேல் அடுக்கு மட்டும் மெல்லியதாக இருந்தால் நிலா தெரியும். மங்கலான விண்மீன்கள் மறையும். கீழ் அடுக்கு மூடினால் இரண்டும் தெரியாது.

4. எவ்வளவு உறுதி?
ஜி.எப்.எஸ். நாளொன்றுக்கு 4 முறை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அடுத்தடுத்த கணிப்புகள் ஒன்றுபோல் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். 20, 90, 35 என்று தாவினால், "இன்னும் தெரியாது" என்பதே சரியான விடை. பெற்றோருக்கும் அப்படியே சொல்லலாம்.

பயிற்சி
அடுத்து ஒரு முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31, யூ.டி.சி. 16:16 முதல் 17:28 வரை. (அ) நம் நாட்டில் எந்தத் தேதி, எந்த நேரம்? (ஆ) நிலா அப்போது வானில் மிக உயரத்தில் இருக்கும். எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பீர்கள்? ஏன்?

விடை: (அ) 2029 ஜனவரி 1, நள்ளிரவு 12.16 முதல் 1.28 வரை. ஆண்டே மாறிவிடுகிறது! (ஆ) நாம் நிற்கும் கட்டத்தை. பார்வை ஏறக்குறைய நேர்மேலே செல்வதால் தூரத்து மேகம் மறைக்காது.

அன்று வியாழக்கிழமை நான் தட்டச்சு செய்ததை அழித்துவிட்டு, நேரத்தைத் திருத்திய அட்டவணையையே குழுவில் போட்டேன். "ஞாயிறு இரவு மறுபடியும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அந்த மாணவியின் கேள்வியை இப்போது ஒவ்வோர் அட்டவணைப் பாடத்திலும் முதல் கேள்வியாகக் கேட்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.