வெந்நீர் ஊற்றுகளை நாடி ஒரு மலைப்பயணம்

வெந்நீர் என்றதும் நம் நினைவுக்கு வருவன அடுப்பும் அண்டாவும்தாம். மூட்டுவலியால் வருந்தும் உம்மாவுக்கு விடியற்காலையில் ஒரு வாளி சுடுநீர் காய்ச்சிக் கொடுப்பது பல வீடுகளில் அன்றாட வழக்கம். அடுப்பும் விறகும் இல்லாமலே, பனிமலைகளின் நடுவே, பூமியின் வயிற்றிலிருந்து நீர் கொதித்து வெளிவரும் இடங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. 2019 முதல் தனி ஒன்றியப் பகுதியாக விளங்கும் லடாக்கின் சுமதாங், புகா, பனாமிக் ஆகிய இடங்களின் ஊற்றுகளே அவை.

இவற்றைக் காண விரும்புவோர் டில்லியில் விமானம் ஏறினால், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் லே நகரில் இறங்கிவிடலாம். ஸ்ரீநகரிலிருந்து சாலைவழியே சென்றால் சுமார் 420 கிலோ மீட்டர். குடும்பத்தோடு செல்வோர்க்கு இரண்டு நாட்கள் ஆகும். நேரத்தை மட்டும் கணக்கிடுவோர் விமானத்தையே தேர்வர். ஆயினும், முதிய பெற்றோரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோர்க்கு ஸ்ரீநகர்ச் சாலையே உகந்தது. அது கண்ணுக்கு விருந்து என்பதோடு, உயிருக்குக் காவலும் ஆகும்.

படிப்படியாக ஏறும் பாதை

ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஓரிரு நாட்கள் தங்கிப் புறப்பட்டால், சிந்து எனப் பெயர் கொண்ட சிற்றாறு ஒன்று சோனாமார்க் வரை வழித்துணையாக வரும். இது பெரிய சிந்து நதியன்று. ஜீலம் நதியின் கிளையாறு. ஊசியிலை மரங்கள் அடர்ந்த சரிவுகளும் பச்சைப் புல்வெளிகளும் அதுவரைதான். அடுத்து வரும் சோஜி லா கணவாயை (3,528 மீட்டர்) கடந்தவுடன் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. மழைமேகங்களை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் மறுபுறம் மரமற்ற வெற்று மலைகளே எஞ்சுகின்றன. செந்நிறமும் ஊதாவும் சாம்பலுமாக அவை வெயிலில் நிறம் மாறுவதைக் காணக் காண அலுக்காது.

கணவாயின் அப்பால் திராஸ். கடுங்குளிருக்குப் பெயர் பெற்ற ஊர். 1999ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவிடம் தோலோலிங் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து பாதை இறங்கி, சுரு நதிக்கரையிலுள்ள கார்கிலை அடைகிறது. இதன் உயரம் சுமார் 2,700 மீட்டரே. பாதாமி மரத்தோப்புகள் சூழ்ந்த இவ்வூரின் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் பேசும் புர்கி மொழி நமக்குப் புரியாது. ஆனால் சலாம் புரியும்! முதல் இரவை இங்குக் கழிப்பதே முறை. பகலில் உயரமான கணவாயைக் கடந்து, இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவது உடலைப் பக்குவப்படுத்தும்.

மறுநாள் நமிகா லா, ஃபோட்டு லா என்னும் இரு கணவாய்கள். பின்னது 4,108 மீட்டர். ஸ்ரீநகர் - லே சாலையின் உச்சி அதுவே. பின்னர் பாதை இறங்கி, இம்முறை உண்மையான சிந்து நதியோடு சேர்ந்து லேயை அடைகிறது. அந்நகரின் கடைத்தெருவில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஜும்ஆ மசூதி இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

உயரம் தரும் சோதனை

லேயின் உயரம் 3,500 மீட்டர். கடற்கரை ஊர்களில் நாம் ஒரு மூச்சில் பெறும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே அங்குக் கிடைக்கும். டில்லியிலிருந்து ஒரே தாவலில் அங்குச் சென்று இறங்குவோரில் பலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஏற்படுவது இதனால்தான். மணாலி வழிச் சாலையோ 5,300 மீட்டரைத் தாண்டும் தக்லங் லா கணவாயைக் கடப்பதால், அதுவும் புதியவர்க்குக் கடினமே.

எவ்வழியில் வந்தாலும் லேயில் இரண்டு நாட்கள் ஓய்வு கொள்ளுதல் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டிச் செல்வது மருத்துவர்கள் கூறும் பொது விதி. சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ ஊற்றும் வேண்டாம், காட்சியும் வேண்டாம். உடனே கீழே இறக்கி மருத்துவ உதவி தேடுவதே கடமை. இதய நோயாளிகளும் நுரையீரல் நோயாளிகளும் பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

நதிக்கரையில் நீராவி

லேயிலிருந்து உப்ஷி வழியாகச் சிந்து நதியோரமே சென்றால், ஏறத்தாழ 140 கிலோ மீட்டரில் சுமதாங். ஒருபுறம் பனியுருகிய நீரோடு சிந்து சீறிப் பாய்கிறது. அதன் கரையிலேயே கொதிநீர் குமிழியிட்டு ஆவி எழுப்புகிறது. குளிரும் கொதிப்பும் அருகருகே!

அங்கிருந்து மாஹே பாலத்தைக் கடந்து மேலே சென்றால் புகா பள்ளத்தாக்கு. உயரம் சுமார் 4,400 மீட்டர். தரையெங்கும் கந்தக மஞ்சளும் வெண்ணிற உப்புப் படிவும் பரந்து கிடக்கின்றன. அவ்வெண்படிவில் பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அது செம்மறியாடுகளின் முதுகில் ஏற்றப்பட்டு மலை கடந்து சென்றது.

இங்கு நீர் ஏறத்தாழ 84 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. நூறு டிகிரி இல்லையே என எண்ண வேண்டாம். காற்றின் அழுத்தம் குறைந்த அவ்வுயரத்தில் நீர் கொதிப்பதே அந்த அளவில்தான். பிரஷர் குக்கர் இன்றி அங்குப் பருப்பு வேகாததற்கும் காரணம் இதுவே.

இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டோடு மோதியதால் எழுந்ததே இமயம். அம்மோதலின் தழும்பு சிந்துவின் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கிறது. பனிநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலெழுகிறது. 1970களில் புவியியல் துறையினர் புகாவில் 30க்கும் மேற்பட்ட துளைகளிட்டு ஆராய்ந்தனர். அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்கான ஒப்பந்தம் 2021இல் கையெழுத்தாயிற்று.

குளிப்போர் கவனத்திற்கு

புகாவின் ஊற்று பார்ப்பதற்கேயன்றிக் குளிப்பதற்கன்று. சில இடங்களில் தரை மெல்லிய ஏடு போன்றது. கால் புதைந்தால் தோல் வெந்துவிடும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இரவு தங்காமல் இறங்கிவிடுவதும் நல்லது.

முதியோர்க்கு ஏற்றது நூப்ரா பள்ளத்தாக்கிலுள்ள பனாமிக். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயைத் தாண்டியே அங்குச் செல்ல வேண்டும். கணவாயில் படமெடுத்துக்கொண்டு நெடுநேரம் நிற்றல் கூடாது. ஆனால் பனாமிக்கின் உயரம் சுமார் 3,200 மீட்டரே, லேயைவிடத் தாழ்வு. குளியலறைகள் கட்டப்பட்டிருப்பதால் பெண்கள் மறைவாகக் குளிக்கவும் வழியுண்டு.

பத்து நிமிடங்களுக்கு மேல் அந்நீரில் இருத்தல் வேண்டா. சுடுநீர் இரத்த நாளங்களை விரிக்கும்; இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழும்போது தலை சுற்றும். உயரமான இடத்தில் இது இன்னும் கடுமையாகும். ஆகவே ஒருவர் துணையிருக்க, மெல்ல எழுந்து, நிறையத் தண்ணீர் அருந்துதல் நலம். வெந்நீரின் இதம் மூட்டுவலியைச் சிறிது நேரம் தணிக்கும். நோயை வேரோடு களையாது. ஊற்று நீரை நம்பி மாத்திரைகளை நிறுத்துதல் பேதைமை.

சோப்பு நுரையையும் பிளாஸ்டிக் பைகளையும் ஊற்றுகளின் அருகே விட்டுவராதீர்கள். அந்நீரோடைகளை நம்பியே ஆடு மேய்க்கும் சாங்பா மக்களும் அவர்தம் கால்நடைகளும் வாழ்கின்றனர்.

மலை எங்கும் போய்விடாது; ஊற்றும் வற்றிவிடாது. விரைந்து சென்று உம்மாவை விடுதி அறையில் மூச்சுத் திணறப் படுக்கவைப்பதைவிட, இரண்டு நாள் தாமதித்துச் சென்று அவர் கையைப் பிடித்து அந்த இளஞ்சூட்டில் பாதம் நனைக்க வைப்பதன்றோ பயணத்தின் பயன்!